சத்தமில்லாத பெட்டி

மோட்டார் எரிந்துபோனால் காயில்காரியிடம் கொண்டுபோ என்பது அந்தத் தெருக்களில் பழகிப்போன பேச்சு. பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை; கூப்பிட்டிருந்தாலும் அவள் திரும்பிப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம். தண்ணீர் மோட்டார், மிக்ஸி, மின்விசிறி எதுவானாலும் சரி, கருகின செம்புக்கம்பியை உரித்தெடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பாள். வார்னிஷ் ஏறி மஞ்சளித்த நகங்கள், எப்போதும் முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, வருகிற ஆளுக்கு முதல் மரியாதையாக ஒரு திட்டு.

"இதை மோட்டார்னு சொல்லிக் கொண்டுவர உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? சுட்ட கத்திரிக்காய் கூட இதைவிட நல்லா இருக்கும்."

திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தபடி உட்காருவார்கள். வேலை சுத்தம். அது போதாதா?

அவளுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு அக்கா. அம்மா போனபோது இவள் பால் பல் விழாத குழந்தை. அக்கா படிப்பை நிறுத்திவிட்டு ஒரு வைண்டிங் பட்டறையில் கம்பி உரிக்கப் போனாள். குழந்தையை வீட்டில் தனியாக விட மனசில்லாமல் அங்கேயே கூட்டிப்போய் ஒரு மூலையில் உட்கார வைத்தாள். காயில்காரி எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே கம்பி சுற்றப் பழகியது அப்படித்தான். கம்பியால் கீறிக் கீறி அக்காவின் விரல் நுனியெல்லாம் தோல் தடித்துப் போயிருந்தது. அந்தக் கையால்தான் இவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வளர்த்தாள். இவள் கல்யாணமே வேண்டாம் என்று சொன்னபோது ஊரே வாய்க்கு வந்ததைப் பேசியது. அக்கா மட்டும், "அவ இஷ்டம், உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டாள்.

அக்காவைக் கட்டியவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று நாளெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. கரகரவென்று இரையும் குழாய்களுக்கு நடுவிலேயே வாழ்க்கை ஓடியதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் அவருக்கு சுத்தமான சத்தம் வேண்டும். சுத்தமான சத்தம் என்றால் அவர் அகராதியில் வால்வு ஆம்ப்ளிஃபையர். யாரோ கழித்துப்போட்ட இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து, உச்சியில் வரிசையாகக் குட்டி பல்பு மாதிரியான கண்ணாடி வால்வுகள் பொருத்தி, பக்கத்துக்கு ஒன்றாகத் துணிபீரோ அளவுக்கு ஸ்பீக்கர்கள் வைத்து, முன்னறை முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டார். அக்காவின் தையல் இயந்திரம் சமையலறைக்குப் போனது. அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி பாடினால் கேட்க வேண்டும்! வால்வுகள் சூடேறி ஆரஞ்சு நிறத்தில் கனியும். இசைத்தட்டில் முள் இறங்கும். பாடுகிறவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது கூடக் காதருகே கேட்கும். எதற்கும் அசையாத காயில்காரியே ஒருமுறை வயலின் கேட்டுக்கொண்டிருந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வார்னிஷ் எரிச்சல்" என்றாள். அந்தப் பெட்டிக்குள் இருந்த பெரிய டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் அரதப்பழசு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை பரபரக்கும். அத்தான் தொட விடமாட்டார். "ஒரிஜினல்மா, அதுல கை வச்சா குரலே மாறிடும்" என்பார்.

இந்தப் பைத்தியம் அவர் ஒருவருக்கு மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஒரு கூட்டமே இருந்தது. பல் டாக்டர் ஒருவர், துணிக்கடைக்காரர் ஒருவர், இன்னும் நாலைந்து பேர். விடுமுறை நாள் காலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பாட்டுக்கு முன்னால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: சும்மா சோதனை. தட்டில் எதுவும் வைக்காமல், முள்ளைத் தூக்கிவைத்துவிட்டு, வால்யூமை முழுக்கத் திருப்புவார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்பார்கள். ஒன்றும் கேட்கக்கூடாது. 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டுவிட்டால், அதாவது ஹம் வந்துவிட்டால், தொலைந்தான் வீட்டுக்காரன். அவனே போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். அடுத்த கூட்டம் வரை ஆளாளுக்குக் கிண்டல் செய்வார்கள். ஜெயித்தால் நடு நாற்காலி. வளர்ந்த மனிதர்கள் இதற்காகத் தூக்கம் கெட்டுக் கிடந்தார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா?

அத்தான் பெட்டியில் ஹம் இருந்தது. தோற்றார். மறுபடியும் தோற்றார். பல் டாக்டர், "உங்க வீட்டு டீ ரொம்ப நல்லா இருக்கு, இனிமே இங்கேயே கூடலாம்" என்றதுதான் தாமதம், மனுஷன் முகம் சுண்டிப்போய் மறுநாளே காயில்காரியின் கடை வாசலில் வந்து நின்றார்.

"நீ பாத்து ஏதாவது பண்ணும்மா. என்னால தலையே காட்ட முடியல."

அவள் வந்து பார்த்தாள். இசைத்தட்டு சுற்றும் பெட்டிக்கு ஒரு எர்த் கம்பி, ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு எர்த் கம்பி. இரண்டும் இரண்டு வழியாகப் பூமிக்குப் போகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சண்டை. அந்தச் சண்டைதான் ஹம். முறையாகச் சரிசெய்வதென்றால் உள்ளே எல்லாக் கம்பியையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். கடையில் மோட்டார்கள் குவிந்து கிடந்தன. குறுக்குவழி ஒன்று இருந்தது. ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைக் கழற்றினாள், எர்த் கம்பியை நறுக்கினாள், மூடினாள். இன்னொரு எர்த் இருக்கிறதே, அது இரண்டு பெட்டிக்கும் போதும் என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பும் இல்லை. ஆனால் அத்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஹம் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, காதை அழுத்தி ஒட்டினால் தூரத்து வண்டு மாதிரி ஒரு துளி மிச்சம் இருந்தது. கூட்டத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. அத்தான் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா போன் செய்து, "மனுஷன் மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்காருடி" என்று சிரித்தாள். காயில்காரிக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மழைக்காலம் தொடங்கியது. ஊறிப்போன சுவர்கள், காயாத துணிகள். ஒரு நாள் அக்கா கடைப்பக்கம் வந்தவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"அந்தப் பெட்டியைத் துடைக்கும்போது கையில எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குடி."

காயில்காரியின் கையில் சுற்றிக்கொண்டிருந்த கம்பி நின்றது. "எந்தப் பெட்டி?"

"பாட்டுப் பெட்டிதான். உங்க அத்தான்கிட்ட சொன்னேன். உனக்கு ரத்தம் கம்மி, கீரை சாப்பிடுங்கறாரு."

"செருப்பு போட்டிருந்தியா?"

"வீட்டுக்குள்ள எவடி செருப்பு போடுவா? தரையைத் துடைச்சிட்டு அந்த ஈரத்தோட அப்படியே அதையும் துடைப்பேன்."

கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோக ஒரு எர்த் இருக்கும்போது பெட்டி கடிக்க வழியே இல்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு அக்காவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். வீட்டில் அத்தான் இல்லை. பெட்டியைப் போட்டு, அதன் விளிம்பில் டெஸ்டரை வைத்தாள். டெஸ்டரின் குட்டி விளக்கு எரிந்தது. இரும்புத் தகட்டில் மின்சாரம்! பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஈரத்தில் ஊறிக் கசிய ஆரம்பித்திருந்தது. சரி, எர்த் எங்கே போனது? இசைத்தட்டுப் பெட்டியின் பிளக்கைத் திறந்தாள். உள்ளே எர்த் கம்பி நறுக்கென்று வெட்டப்பட்டு, நுனியில் அழகாக டேப் சுற்றியிருந்தது. அவள் சுற்றுகிற மாதிரியே.

வேலையிலிருந்து வந்த அத்தான் ஒன்றையும் மறைக்கவில்லை. திருட்டு முழிகூட முழிக்கவில்லை.

"அந்த ஒரு துளி மிச்சம் இருந்துச்சேம்மா, அதான். நீ ஒண்ணை வெட்டின, முக்காவாசி போச்சு. இன்னொண்ணை வெட்டினேன், சுத்தமாப் போயிடுச்சு. இப்பக் கேட்டுப் பாரேன், கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

"அத்தான், அக்கா ஈரக்காலோட அதைத் தொடறா. உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் கடிக்கலையே?"

"நீங்க கம்பளத்து மேல செருப்பு போட்டுட்டு உக்காந்து கேக்கறீங்க. அவ வெறுங்காலோட துடைக்கறா. கசிவு இன்னிக்கு எறும்பு. நாளைக்கு என்னன்னு எனக்கே தெரியாது."

அவர் முகம் வெளுத்தது. பொய் சொல்லக்கூடாது, அவருக்கு அக்காமேல் உயிர்தான். உடனே பிளக்கைக் கொண்டுவந்து அவரே நீட்டினார். அவள் இரண்டு எர்த்தையும் சேர்த்தாள், திருகாணிகளை இறுக்கினாள், டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன், புது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித்தான் திருப்பித் தருவேன் என்றாள்.

அங்கேதான் அக்கா குறுக்கே வந்தாள். "அடுத்த கூட்டம் இங்கதான்டி. அதுவரைக்கும் இருக்கட்டுமே. பாவம், அவருக்கு இது ஒண்ணுதான். எர்த் குடுத்துட்டல்ல?"

"குடுத்துட்டேன். ஆனா ஹம் வரும்."

"வந்தா டீ போடறேன், போ!" என்று அத்தானும் சொன்னார். எர்த்தைத் தொடவே மாட்டேன் என்று அக்கா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டியவள் அந்தச் சத்தியத்தை நம்பிப் படியிறங்கினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு உட்கார்ந்தால் நிம்மதியில்லை, படுத்தால் நிம்மதியில்லை. மற்ற வேலையெல்லாம் ஓரம்கட்டிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றினாள். மெல்லிய கம்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் காகிதம் வைத்துச் சுற்ற வேண்டும். பாதி சுற்றியதும் பிடிக்காமல் பிரித்தாள். மறுபடி சுற்றினாள். மோட்டாருக்காக வந்து காத்திருந்தவர்களுக்குத் திட்டுகூடக் கிடைக்கவில்லை. அதுதான் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நடுநடுவே அக்காவுக்குப் போன் போடுவாள்.

"கடிக்குதா?"

"இல்லடி."

"துணியால தொடாத. செருப்பு போட்டுக்க."

"சரிடி ஆத்தா."

"ஹம் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. உங்க அத்தான் அதைக் கேட்டுட்டு சோறே இறங்காம உக்காந்திருக்காரு."

கேட்குது என்ற அந்த வார்த்தை போதும், அவளுக்கு அன்றைய பொழுது போய்விடும். ஒரு காலத்தில் அந்த முனகலை விரட்டத்தான் கூப்பிட்டார்கள். இப்போது அது அக்காவுக்குக் காவலுக்கு நிற்கிற நாய் மாதிரி. குரைக்கிறவரை பயமில்லை.

கூட்டத்தன்று காலையில் டிரான்ஸ்ஃபார்மர் வார்னிஷ் காய்ந்து தயாராக இருந்தது. பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். இவர்கள் ஆட்டம் முடிந்ததும் பெட்டியை அங்கேயே பிரித்துப் பழசைக் கழற்றிவிட வேண்டும் என்று எண்ணம். வழியில் போன் போட்டாள். அக்கா பாத்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில் எடுத்தாள்.

"வாடி வா, எல்லாரும் வந்தாச்சு. தரை துடைச்சு இன்னும் காயவேயில்ல, அதுக்குள்ள ஷூ காலோட வந்து நிக்கறாங்க."

"அத்தான் எப்படி இருக்காரு?"

"காலையிலேர்ந்து வாயெல்லாம் பல்லு. இன்னிக்கு ஒரு சத்தமும் இல்லையாம், தானா சரியாயிடுச்சாம். அவ்வளவு அமைதிடி!"

போன் அடங்கியது. முன்னறையிலிருந்து அக்காவை யாரோ தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டிருப்பார்கள். காயில்காரி மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. அத்தானுக்குப் போட்டாள், அதுவும் இல்லை. தானாக எந்த ஹம்மும் போகாது. இரும்புக் கட்டி மாதிரி கனத்த பையோடு தெருவில் ஓடினாள். தெரிந்தவர் ஒருவர் "என்ன காயில்காரி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டது காதில் விழவில்லை. அடப்பாவி மனுஷா, தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாயே, அது யார் தலை என்று தெரியாதா உனக்கு என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓடினாள். தன்னையும் சேர்த்துத்தான் திட்டினாள். எர்த்தைக் கத்தரிக்க முதலில் கற்றுக்கொடுத்தது அவள் கைதானே.

வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இருக்கிற சுவடே இல்லாத அமைதி.

சும்மா சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒரு ஸ்பீக்கரில் பல் டாக்டரும் இன்னொருவரும் காதை ஒட்டவைத்துக் குனிந்திருந்தார்கள். அடுத்ததில் துணிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் மூச்சைப் பிடித்தபடி இருந்தார்கள். கம்பளத்தின் நடுவில் அத்தான், கல்யாணப் பெண்ணைக் காட்டுகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஸ்பீக்கர்களுக்கு நடுவில் மேசையில் பெட்டி. வால்வுகள் நன்றாகக் கனிந்திருந்தன. சத்தம் இல்லை, ஒரு துளிகூட இல்லை.

எவனோ புண்ணியவான் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைப் பெட்டியின் இரும்பு மூடிமேலேயே வைத்திருந்தான்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா அதைக் கண்டுவிட்டாள். அவர் பெட்டிமேல் ஈர டம்ளரா! அவள் பொறுப்பாளா? சோதனை கெட்டுவிடக்கூடாதே என்று செருப்பைச் சமையலறை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஈரத் தரையில் அடிமேல் அடி வைத்துப் பின்பக்கமாக வந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒரு கையை மூடியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு மறுகையை டம்ளருக்கு நீட்டினாள்.

வாசலில் நின்ற காயில்காரி "அக்கா!" என்று கத்துவதற்குள் ஸ்பீக்கரிலிருந்து அது வந்துவிட்டது. 'ம்ம்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து எழும்புகிற மாதிரி, அறை அதிர.

துணிக்கடைக்காரர் துள்ளிக் குதித்தார். "வந்துடுச்சு! ஹம் வந்துடுச்சு! போங்க சார், போய் டீ போடுங்க!"

எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். பல் டாக்டர் கைதட்டினார். அத்தான் தலையில் கைவைத்துக்கொண்டு, "இவ்வளவு நேரம் இல்லையே, எப்படி வந்துச்சு? சத்தியமா இல்லையே!" என்று ஸ்பீக்கரையே பார்த்தார். யாரும் பெட்டிக்குப் பின்னால் பார்க்கவில்லை. அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது, குரல் வரவில்லை. தடித்த விரல்கள் இரும்பு விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. அவளாக விட நினைத்தாலும் அவை விடாது. மறுபடி வெட்டப்பட்ட எர்த் கம்பியின் வேலையை ஈரத் தரையில் நின்ற அவள் உடம்பு செய்துகொண்டிருந்தது. அவள் போட வேண்டிய கூச்சலைத்தான் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டிருந்தது. அந்த மனிதர்கள் அதைக் கேட்டுத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவைத் தொடக்கூடாது. அது மட்டும் காயில்காரிக்கு நினைவிருந்தது. பையை வீசிவிட்டுச் சுவரை நோக்கிப் பாய்ந்தாள், குறுக்கே நின்ற ஒருவரைத் தள்ளினாள், பிளக்குகளைக் கம்பியோடு பிடுங்கினாள். ஹம் நின்றது. டம்ளர் உருண்டு விழுந்தது. அதன் பின்னால் அக்கா, வெட்டின வாழை மாதிரி.

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. கடைசியாகச் சிரித்தவர் யார் என்று காயில்காரிக்கு இன்றும் தெரியும். அவர் மோட்டார் கொண்டுவந்தால் வாங்கமாட்டாள்.

பல் டாக்டர்தான் முதலில் மண்டியிட்டார். மனுஷனுக்குப் பல் மட்டும்தான் தெரியும் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அன்று நெஞ்சை அழுத்தி அழுத்தி, வியர்த்துக் கொட்டக் கொட்ட விடாமல் அழுத்தினார். யாரோ வண்டி கொண்டுவர ஓடினார்கள். அத்தான் நின்ற இடத்திலேயே நின்றார். "எறும்பு கடிக்கிற மாதிரின்னுதானே சொன்னா, எறும்புன்னுதானே சொன்னா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். காயில்காரி அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, ஏய் அக்கா, பாருடி" என்று அழுதாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவை 'டி' போட்டாள்.

அக்காவின் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு முறை. டாக்டர் கையை எடுத்துவிட்டு அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா கண்ணைத் திறந்தாள். உள்ளங்கையின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு வெந்து கிடந்தது. அதைப் பார்க்கவில்லை அவள். சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்த பார்வை புருஷனிடம் வந்து நின்றது. குரல் தேய்ந்துபோயிருந்தது.

"ஏங்க... அந்தச் சத்தம் என்னாலயா வந்துச்சு?"

அவர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.

"ஜெயிச்சிருப்பீங்க. நான் வந்து தொட்டுக் கெடுத்துட்டேன், இல்ல?"

அத்தான் ஈரத் தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்து அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். பதிலுக்காக அக்கா இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்துவிட்டது என்று வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.